சுமையும் ஒரு மருந்து

கபடியில் மூலையில் நிற்கும் தடுப்பாட்டக்காரர் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் பார்வை முழுக்கக் கால்மீதுதான். பாடி வரும் வீரர் போனஸ் கோட்டை நோக்கி ஒரு காலை நீட்டுகிறார். அந்த நொடியில் இரண்டு கைகள் அவருடைய கணுக்காலைச் சுற்றி இறுகுகின்றன. வர்ணனையாளர்கள் 'ஆங்கிள் ஹோல்டு' என்று கத்தும் பிடி இது. பிடிபட்டவர் எப்படியாவது நடுக்கோட்டைத் தொட்டுவிட உடலைத் திருப்புகிறார். பாதம் சற்றே உள்பக்கமாகச் சாய்ந்து தரையில் ஊன்றி நிற்க, அதன்மேல் கால் முறுக்கிக்கொள்கிறது. வெளிப்பக்கத்தில் 'சடக்' என்று ஒரு சத்தம்.

அரை மணி நேரத்தில் கணுக்கால் வீங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில், காலின் வெளிப்பக்கமாக இறங்கும் மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் கீழ்ப்பகுதியில் சாய்வாக ஒரு கோடு தெரிகிறது. "பிளேட் வைக்கணுமா டாக்டர்?" என்று வீட்டார் கேட்கிறார்கள். "எப்ப சார் ஆடலாம்?" என்று வீரர் கேட்கிறார். இரண்டு கேள்விகளுக்கும் அறிவியல் இன்று தெளிவான விடைகளை வைத்திருக்கிறது. இந்தவகை முறிவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கத்தி தேவைப்படுவதில்லை. ஆனால் கத்தி வேண்டாம் என்ற நல்ல செய்தியை 'பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம்' என்று புரிந்துகொள்ளும் வீரர்தான் ஆறு மாதம் கழித்தும் நொண்டுகிறார்.

உடையும் வரிசை

ஸ்பேனரின் வாய் நட்டைப் பிடித்திருப்பதுபோல, கணுக்கால் மூட்டில் இரண்டு எலும்புகள் மூன்றாவதைப் பிடித்திருக்கின்றன. டிபியா என்னும் பெரிய எலும்பு மேலேயும் உள்பக்கமும்; ஃபிபுலா வெளிப்பக்கம்; நடுவில் டேலஸ் என்ற பாத எலும்பு. கணுக்காலின் இரு பக்கமும் கைக்குத் தட்டுப்படும் புடைப்புகள் இந்த வாயின் இரண்டு உதடுகள். இவற்றைப் பிணைத்து வைத்திருப்பவை தசைநார்கள். உள்பக்கத்தில் விசிறிபோல் விரிந்து கிடக்கும் டெல்டாய்டு தசைநார் அவற்றில் மிகவும் வலுவானது.

டென்மார்க்கின் மருத்துவர் லாகே-ஹான்சன், துண்டிக்கப்பட்ட கால்களைப் பல விதமாக முறுக்கிப் பார்த்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டறிந்தார். கணுக்கால் கண்டபடி உடைவதில்லை. முறுக்கு விசை மூட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு வரிசையில் பயணிக்கிறது. நம் கபடி வீரருக்கு நடந்த முறுக்கில் முதலில் இரண்டு எலும்புகளையும் முன்புறம் இணைக்கும் தசைநார் கிழிகிறது. அடுத்து ஃபிபுலா சாய்வாக உடைகிறது. விசை இன்னும் மிச்சமிருந்தால் பின்புறத் தசைநாரோ எலும்பின் விளிம்போ போகிறது. கடைசியில்தான் உள்பக்கம், அதாவது டெல்டாய்டோ உள்பக்கப் புடைப்போ கிழிகிறது அல்லது உடைகிறது.

விசை இரண்டாம் கட்டத்திலேயே தீர்ந்துபோனால் உள்பக்கம் முழுசாகத் தப்பிவிடும். டேலஸ் தன் இடத்தைவிட்டு நகராது. இதைத்தான் 'நிலையான முறிவு' என்கிறார்கள். நான்காம் கட்டம்வரை போயிருந்தால் மூட்டைப் பிடித்து வைக்க ஆளில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு ஃபிபுலாக்களும் ஒரேமாதிரி உடைந்ததாகத் தெரியலாம். ஆனால் ஒன்று கட்டுப்போட்டால் கூடிவிடும், மற்றொன்றுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். உடைந்தது வெளிப்பக்க எலும்பாக இருந்தாலும், சிகிச்சையைத் தீர்மானிப்பது உள்பக்கத்தின் நிலைமை.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1976-இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டேலஸை 1 மி.மீ. மட்டும் வெளிப்பக்கம் நகர்த்தி, மூட்டின் தொடுபரப்பை அளந்தார்கள். அது சராசரியாக 42 சதவீதம் குறைந்திருந்தது. அதே உடல் எடை பாதியளவு பரப்பின்மேல் இறங்கினால் குருத்தெலும்பு சீக்கிரமே தேய்ந்துபோகும். இந்த எண் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சைக்கு ஆதரவான வாதமாக இருந்தது. ஆனால் அந்தச் சோதனையில் நகர்த்தப்பட்டது டேலஸ். உள்பக்கத் தசைநார் உயிரோடிருக்கும் ஒருவருக்கு ஃபிபுலா ஓரிரு மி.மீ. விலகினாலும் டேலஸ் அதன் பின்னால் போவதில்லை.

இதை உறுதிசெய்ய எளிய வழி, வலி சற்று அடங்கியபின் வீரரை எழுந்து நிற்கவைத்து எக்ஸ்ரே எடுப்பது. மூட்டு நல்ல நிலையில் இருந்தால் உடல் எடையே டேலஸை அதன் குழிக்குள் அமர்த்திவிடும். உள்பக்கப் புடைப்புக்கும் டேலஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளி 4 மி.மீ.க்கு மேல் விரிந்தால் சந்தேகப்பட வேண்டும். இரண்டு புடைப்புகளும் உடைந்திருந்தாலோ, டேலஸ் நகர்ந்திருந்தாலோ, தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தாலோ அறுவை சிகிச்சை நிபுணரிடம் தாமதமின்றிப் போவதுதான் சரி.

மைதானத்தில் எக்ஸ்ரே இருக்காது. அங்கே உதவுவது கனடாவின் ஒட்டாவா நகரில் மருத்துவர் இயன் ஸ்டீல் குழுவினர் 1992-இல் வெளியிட்ட விதிகள். அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு எட்டு வைக்க முடியாவிட்டாலோ, இரு புடைப்புகளில் ஏதாவது ஒன்றின் நுனியிலோ அதன் பின்விளிம்பில் கீழிருந்து 6 செ.மீ. தூரத்துக்குள்ளோ அழுத்தினால் எலும்பு வலித்தாலோ எக்ஸ்ரே கட்டாயம். 'வெறும் சுளுக்குதான்' என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவதற்கு முன் ஒவ்வொரு கபடிக் குழுவிலும் ஒருவராவது இந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். முறிந்த எலும்பை உருவிவிடுவது நிலையான முறிவையும் நிலையற்றதாக்கிவிடலாம்.

கத்தியா, கட்டா?

பிளேட்டும் ஸ்குரூவும் வைத்தால் சீக்கிரம் ஆடலாம் என்ற நம்பிக்கை வீரர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 18 முதல் 65 வயதுவரையிலான 160 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. ஃபிபுலா இதே உயரத்தில் உடைந்து, பெரிதாக விலகாமல் இருந்தவர்கள் அவர்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு அறுவை சிகிச்சை, மறுபாதிக்குக் கட்டு. ஓராண்டு முடிவில் அறுவை சிகிச்சை பெற்றவர்களின் கால் எந்த விதத்திலும் மேலாக இல்லை. சிக்கல்கள்தான் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. ஃபிபுலாவின் கீழ்முனை தோலுக்கு அடியிலேயே இருப்பதால் காயத்தில் சீழ் பிடிக்கலாம்; ஷூவின் விளிம்பு பிளேட்டில் உரசலாம்; அதை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

கட்டு என்று முடிவானால் எத்தனை நாள்? வழக்கமான விடை ஆறு வாரம். பின்லாந்தில் 247 பேரிடம் இதைச் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு ஆறு வார மாவுக்கட்டு, இன்னொன்றுக்கு மூன்று வார மாவுக்கட்டு, மூன்றாவதற்கு மூன்று வாரம் கழற்றி மாட்டும் சாதாரண கணுக்கால் பட்டை. ஓராண்டுக்குப் பின் 100-க்குக் கணக்கிட்ட கணுக்கால் மதிப்பெண்கள் முறையே 87.6, 91.7, 89.8. நிலையான முறிவுக்கு மூன்று வாரக் கட்டே போதும். அதிகப்படியான மூன்று வாரங்கள் எலும்புக்கு எதையும் கொடுக்கவில்லை; பட்டை கட்டியவர்களின் கணுக்கால் சற்றே நன்றாக மடங்கியது, அவர்களிடம் இரத்தக்கட்டியும் குறைவு.

நம் ஊரில் மாவுக்கட்டுக்கு முன்பே பலருக்கு நினைவுக்கு வருவது புத்தூர் கட்டு. கத்தியில்லாமலும் எலும்பு கூடும் என்ற அனுபவ அறிவு அதில் இருக்கிறது. ஆனால் எந்தக் கட்டாக இருந்தாலும் அதற்கு முன் டேலஸ் தன் இடத்தில் இருக்கிறதா என்று படம் பார்த்தே ஆக வேண்டும். கட்டியபின் விரல்கள் மரத்துப்போனாலோ, நீலம் பாரித்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே அவிழ்க்க வேண்டும். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எலும்புக்குள் நடக்கும் உரையாடல்

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. சில நாட்களில் அங்கே புது இரத்தக்குழாய்களும் மென்திசுவும் வளர்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பாலான மென்பாலம் ஒன்று உருவாகிறது. ஆறாவது வாரத்தை ஒட்டி அதில் சுண்ணாம்புச்சத்து ஏறி, எடை தாங்கும் கெட்டிப் பாலமாகிறது. அதைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது.

ஒவ்வொரு கட்டத்துத் திசுவும் எவ்வளவு அசைவைத் தாங்கும் என்பதை ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர் ஸ்டீஃபன் பெர்ரன் கணக்கிட்டார். ஆரம்பத்து மென்திசு தன் நீளத்தைப்போல் இரு மடங்காக இழுபட்டாலும் தாங்கும். குருத்தெலும்பு 10 சதவீதம் தாங்கும். முதிர்ந்த எலும்பு 2 சதவீதத்துக்கு மேல் இழுபட்டால் உடையும். முறிந்த இடம் மிகவும் ஆடினால் மென்பாலம் எலும்பாக மாறாது; அளவான சிற்றசைவு பாலத்தைத் தடிப்பாக்கும். நிலையான முறிவில் சுற்றியுள்ள தசைநார்களே அந்த அளவைக் காக்கின்றன.

எலும்புக்கு அந்தச் சேதி போய்ச் சேரும் வழியும் தெரிந்ததுதான். எலும்பு உயிரணுக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆஸ்டியோசைட்டுகள். கெட்டியான எலும்புக்குள் சிறைப்பட்டு, நுண்ணிய கால்வாய்கள் வழியாக ஒன்றையொன்று தொட்டபடி இருப்பவை அவை. நாம் எடையை ஊன்றும்போது அந்தக் கால்வாய்களில் திரவம் நகர்கிறது. ஆஸ்டியோசைட்டுகள் அந்த ஓட்டத்தை உணர்கின்றன. எலும்பு உருவாவதைத் தடுத்து வைக்கும் ஸ்க்ளெரோஸ்டின் என்ற புரதத்தை அப்போது அவை குறைத்துக்கொள்கின்றன. எடை படாவிட்டால் அந்தப் புரதம் கூடுகிறது, எலும்பு மெலிகிறது. ஜெர்மனியின் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல், சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை வடிவமைத்துக்கொள்கிறது என்று எழுதினார். அது நடக்கும் வழியை இன்று புரத அளவில் நாம் பார்க்கிறோம்.

மருத்துவம் இந்த இடத்துக்கு எளிதில் வந்துவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் முறிவுக்கு இடைவிடாத நீண்ட ஓய்வுதான் மருந்து என்றார். அதே காலத்தில் பாரிஸின் லூகா-ஷாம்பியோனியே அசைவும் நீவுதலும்தான் வழி என்றார். மாவுக்கட்டின் வெற்றியால் தாமஸின் பக்கம் நெடுங்காலம் ஓங்கியிருந்தது. 1967-இல் அகஸ்டோ சார்மியெண்டோ, டிபியா முறிந்தவர்களை முழங்காலுக்குக் கீழே மட்டும் கட்டுப்போட்டு நடக்கவிட்டுக் காட்டியபின் தராசு மறுபக்கம் சாயத் தொடங்கியது. இன்றைய மறுவாழ்வு முறை இருவருக்கும் கடன்பட்டது: மூட்டுக்குக் காவல், எலும்புக்குச் சுமை.

சுமையின் அளவு

முதல் மூன்று வாரம் காவலின் காலம். பூட் எனப்படும் காப்புக் காலணியோ பட்டையோ கணுக்காலைச் செங்கோணத்தில் வைக்கிறது. பாதம் கீழ்நோக்கித் தொங்கியபடி விறைத்தால் பிறகு அதை மடக்குவது பெரும்பாடு. வீக்கம் வடியக் காலை இதயத்துக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். விரல், முழங்கால், இடுப்பு எல்லாம் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். புகைப்பவர் நிறுத்த வேண்டும், அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். ஆடவில்லையே என்று சாப்பாட்டைக் குறைப்பதும் தவறு. பாலம் கட்ட உடலுக்குப் புரதமும் சக்தியும் வேண்டும்.

இந்த நாட்களில் அடிபடாத காலுக்குக் கடுமையான பயிற்சி கொடுக்கலாம். யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் 1894-இலேயே ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால் மறு கைக்கும் வலு கூடுவதைக் கண்டார். தசைக்குக் கட்டளையிடும் நரம்பு மண்டலம் இருபக்கத்துக்கும் பொதுவாகக் கற்றுக்கொள்வதுதான் காரணம். கட்டுக்குள் இருக்கும் காலின் வலுவில் ஒரு பங்கையாவது இப்படிக் காப்பாற்றலாம்.

எடை ஊன்றக் கற்றுக்கொள்ள வீட்டு எடைபார்க்கும் கருவி போதும். ஊன்றுகோலைப் பிடித்தபடி, அடிபட்ட காலைக் கருவிமேல் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். 70 கிலோ வீரர் முதலில் முள் 20-ஐத் தொடும்வரை அழுத்தி, அந்த உணர்வை மனதில் வாங்கிக்கொள்கிறார். நடக்கும்போது அதே அழுத்தம். சில நாட்களில் 35, பிறகு 50, கடைசியில் முழு எடை. எவ்வளவு வேகமாக ஏற்றுவது என்பதை வலி சொல்லும்: பத்துக்கு மூன்றுவரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். காலையில் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் நேற்றைய அளவு அதிகம். ஒரு படி இறங்கி, மறுபடி ஏற வேண்டும். முறிவு நிலையானது என்று உறுதியானவர்களில் பலர் பூட்டோடு ஆரம்பத்திலேயே எடை ஊன்றலாம். உங்கள் முறிவுக்கு எது பொருந்தும் என்பதைப் படத்தைப் பார்த்த மருத்துவர் சொல்வார்.

ஆறாவது வாரத்தை ஒட்டி எலும்பு கூடிவிட்டது என்று படம் காட்டும். பலருக்கு மறுவாழ்வு இங்கேயே முடிந்துபோகிறது. உண்மையில் வீரருக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஓட்டத்தில் உடலை முன்னே தள்ளுவது கெண்டைக்கால் தசை. வாரக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்த அது மெலிந்திருக்கும். இரண்டு காலிலும் குதிகால் உயர்த்தல், பிறகு ஒற்றைக் காலில், பிறகு படி விளிம்பில், பிறகு முதுகில் எடையோடு. முழங்காலை நீட்டிச் செய்வது ஒரு தசைக்கு, மடக்கிச் செய்வது அதனடியில் உள்ள சோலியஸ் தசைக்கு, இரண்டும் வேண்டும்.

2015-இல் ஆஸ்திரேலியாவில் 214 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு இங்கே கேள்வி எழுப்புவதுபோலத் தோன்றும். கணுக்கால் முறிந்து கட்டைக் கழற்றியவர்களில் ஒரு பாதிக்கு நல்ல ஆலோசனை மட்டும், மறுபாதிக்கு அதோடு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் பயிற்சித் திட்டம். இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடக்கவும் படியேறவும் அன்றாட வேலை பார்க்கவும் தெளிவான ஆலோசனையே போதும் என்பது இதன் பாடம், பணம் செலவழிக்க இயலாதவர்களுக்கு ஆறுதலான பாடமும்கூட. ஆனால் அந்த ஆய்வு அளந்தது அன்றாட இயக்கத்தை. ஓடிவந்து ஒற்றைக் காலில் திசை மாறும் கணுக்காலுக்குக் கேள்வித்தாள் வேறு.

கணுக்கால் மறந்த பாடம்

1965-இல் இங்கிலாந்தின் மைக்கேல் ஃப்ரீமன், கணுக்கால் அடிபட்டவர்கள் ஒற்றைக் காலில் நிற்கத் தடுமாறுவதைக் கவனித்தார். தசைநார் என்பது வெறும் கயிறு இல்லை. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அதில் நிறைந்திருக்கின்றன. நார் கிழியும்போது அவையும் அறுபடுகின்றன. கால் பிசகப்போகிறது என்ற சேதி தாமதமாகப் போகிறது. பக்கவாட்டுத் தசைகள் தாமதமாக இறுகுகின்றன. ஃப்ரீமன் தந்த தீர்வு, ஆடும் பலகைமேல் நின்று பழகுவது. இன்றுவரை அதைவிட எளிதான வழி இல்லை.

முதலில் கண் திறந்து ஒற்றைக் காலில் 30 விநாடி. பிறகு கண்ணை மூடி. பிறகு மெத்தைமேல் நின்று பந்தைப் பிடித்து எறிந்தபடி. பிறகு துள்ளல்: இரு காலில், ஒரு காலில், முன்னே, பக்கவாட்டில். அதன்பின் நேரான ஓட்டம், வளைவான ஓட்டம், சட்டென்று நிற்றல், கடைசியில் எதிராளியோடு. கபடி வீரருக்கு இந்த வரிசையின் கடைசிப் படி, வேறொருவர் கணுக்காலைப் பிடித்திருக்க உடலைத் திருப்பாமல் நேராக இழுத்துப் பழகுவது. முறிவு எந்த அசைவில் வந்ததோ அந்த அசைவைக் கட்டுப்பாட்டோடு சந்திக்காமல் களத்துக்குப் போகக் கூடாது.

களத்துக்குப் போகும் தகுதி

சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முயலுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் விட முடிகிறது என்று டேப்பால் அளந்து, இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 2 செ.மீ.க்குமேல் இருந்தால் மூட்டு இன்னும் விறைப்பாக இருக்கிறது. அடுத்து, சுவரில் விரல்நுனி மட்டும் பட ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துங்கள். உயரம் குறையும்வரை எண்ணுங்கள். நலமான பெரியவர்களுக்கு 25 தடவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஒற்றைக் கால் தாவலில் அடிபட்ட கால், மறு காலின் தூரத்தில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும்.

உலகத்தரமான வசதி இருந்தாலும் இதற்குக் காலம் எடுக்கும். பாட்மிண்டன் வீராங்கனை பி.வி. சிந்து 2022 ஆகஸ்ட் 8 அன்று பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் இறுதியில் கனடாவின் மிஷேல் லீயை 21-15, 21-13 என்று வென்றார். இடது கணுக்காலில் அழுத்த முறிவு இருந்தது. அது ஒரே முறுக்கில் வருவதில்லை, திரும்பத் திரும்ப விழும் சுமையால் வருவது. என்றாலும் கூடவேண்டியது எலும்புதான். அந்த மாதமே டோக்கியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து அவர் விலகினார். 2023 ஜனவரியில் மலேசிய ஓபனில்தான் திரும்பினார். முதல் சுற்றிலேயே கரோலினா மரினிடம் மூன்று கேம்களில் தோற்றார். உலகப் பட்டம் வென்றவர், ஒலிம்பிக் பதக்கங்கள் வைத்திருப்பவர் ஏறத்தாழ ஐந்து மாதம் காத்திருந்தார். அதற்குப் பிறகும் ஆட்டவேகம் தனியாகத் திரும்பிவர வேண்டியிருந்தது.

கிராமத்துக் கபடி வீரருக்குப் பிசியோதெரபிஸ்ட் கிடைக்காமல் போகலாம். இந்த அத்தியாயத்தில் சொன்ன பெரும்பாலானவற்றுக்கு ஒரு சுவர், ஒரு படி, ஒரு டேப், ஓர் எடைபார்க்கும் கருவி போதும். கிடைப்பதற்கு அரிதாக இருப்பது பொறுமை காக்கும் சூழல்தான். எட்டாவது வாரத்தில் ஊர்ப் போட்டி வரும். பரிசுத்தொகை பெரிதாக இருக்கும். கணுக்காலை இறுக்கிக் கட்டி, வலி மாத்திரை கொடுத்து இறக்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், வீரரும் ஆசைப்படுவார். 15 தடவைக்குமேல் குதிகாலை உயர்த்த முடியாதவரை அன்று வெளியே உட்காரவைப்பது பயிற்சியாளரின் கடமை, அணி தோற்றாலும்கூட. அவர் நோட்டில் குறித்து வைத்திருக்கும் அந்த எண்ணுக்கு, கூட்டத்தின் கூச்சலைவிட அதிக மதிப்பு கொடுக்க நாம் எல்லோரும் பழக வேண்டும்.